கறுப்புக் குதிகால்

நீங்கள் கடைசியாகப் போட்ட காலுறையைப் பின்னியது ஆணா, பெண்ணா? தலையைச் சொறிய வேண்டாம், காலையே கேளுங்கள். கதகதப்பாக இருந்ததா, கடித்ததா என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் சொல்லத் தெரியாது. காலுக்கு இருக்கும் இந்த நியாயம் தலைக்கு ஏறாததால் லால்மமத் என்ற மனிதனை எங்கள் ஊர் என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

பர்தாங் ஆறு பாமீர் மலையை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கில், இக்கரை ஊர்க்காரன் அவன். எல்லோரையும் போல மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். ஒருநாள் சாரம் சரிந்து அவன் இடுப்பை ஒடித்தது. ஒப்பந்தக்காரன் பெரிய மனசு பண்ணி விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். இடுப்பெலும்பு கோணலாகவே கூடிவிட்டது. கல் பொறுக்கி வயல் திருத்தவோ, மந்தையோடு மலை ஏறவோ இனி ஆகாது. அதனால் அவன் மனைவி சவ்சன் கிளம்பினாள். அதே மாஸ்கோவில், அவன் கட்டியது போன்ற ஒரு மாடிக் கட்டடத்தில், அவள் இப்போது படிக்கட்டு கழுவுகிறாள்.

அதை ஊர் பொறுத்துக்கொண்டது. பெண் போய் அந்நியர் வீட்டுப் படியைக் கழுவலாம். ஆண் வீட்டில் அடுப்போரம் சும்மா உட்காரலாம். சும்மா இருந்த வரைக்கும் அவன் ஆண்பிள்ளைதான். கை வேலை செய்யத் தொடங்கியபோதுதான் வம்பு வந்தது.

மகள் நேக்பக்த் கோரோக் நகரத்தில் நர்ஸ் படிப்பு முடித்தவள். அக்கரையில் நியோஸ் என்ற மந்தைக்காரனின் மகனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். நியோஸ் வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டின் வாய் அவனுடைய அக்கா பக்த்பேகிம். கல்யாணத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளையின் உறவுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுபோக வேண்டும். மூட்டையைச் சபையில் பிரித்து, தொட்டு, இழுத்து, குறை சொல்லித்தான் பெண்ணை எடைபோடுவார்கள். நேக்பக்துக்குக் காலுறை பின்னத் தெரியாது. கடையில் வாங்கிவிடலாம் என்றாள். பக்த்பேகிம் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: கடைச் சரக்கு வேண்டாம், பெண் வீட்டுக் கையால் பின்னியதுதான் வேண்டும், முடியாதென்றால் பெண்ணையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்சனுக்கு விடுப்புக் கிடையாது, கல்யாணத்துக்கே வர முடியாது. பெண் வீட்டில் மிச்சமிருந்த கை லால்மமத்தின் கை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு சட்டம் உண்டு. வெள்ளாட்டு முடி ஆணுடையது: அவன் அதைத் திரிப்பான், தரையில் தறி கட்டி முரட்டு விரிப்பு நெய்வான். செம்மறிக் கம்பளி பெண்ணுடையது: அவள் நூற்பாள், காலுறை பின்னுவாள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் வீடு விளங்காது என்பார், ஒருவர் மந்தைக்கு நோய் வரும் என்பார், ஒருவர் முன்னோர் சொன்னது என்பார். காரணம் ஆளுக்கு ஆள் மாறினால் காரணமே இல்லை என்று பொருள். காரணம் இல்லாத சட்டத்துக்குத்தான் காவல் அதிகம்.

பக்கத்து வீட்டுக் குல்பரி நடக்கும்போதும் பின்னுகிறவள். எப்படி என்று கொஞ்சம் காட்டேன் என லால்மமத் கேட்டதும், ஊசியையும் நூலையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள், குளிக்குமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டவனைக் கண்டவள் போல.

“இடுப்புதான் ஒடைஞ்சுதுன்னு சொன்னாங்க,” என்றாள். “அதுக்குக் கீழயும் ஏதோ ஒடைஞ்சிருக்கும் போலிருக்கே அண்ணே.”

மறுநாள் ஊற்றில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோர் வாயிலும் அந்தப் பேச்சுதான்.

கற்றுத்தர ஆளில்லாதவனுக்குப் பழைய காலுறையே பள்ளிக்கூடம் ஆனது. சவ்சன் எப்போதோ அவனுக்குப் பின்னிக்கொடுத்த ஜோடியில் ஒன்றை எடுத்து அவிழ்க்கத் தொடங்கினான். எங்கள் காலுறை விரல் நுனியில் தொடங்கிக் கெண்டைக்காலில் முடிவது. அவிழ்த்தால் மேலிருந்து இறங்கி நுனியில் தீரும். ஒவ்வொரு கண்ணியும் வெளியேறும் வழியைப் பார்த்து, அது உள்ளே வந்த வழியை ஊகித்தான். ஒரு சுற்று அவிழ்ப்பான், அதையே திரும்பப் பின்னிப் பார்ப்பான். சைக்கிள் சக்கரக் கம்பியை அரத்தில் தேய்த்துக் கொக்கி ஊசி செய்துகொண்டான்.

அவன் பின்னிய முதல் காலுறையின் நுனி பூசணிப் பிஞ்சு போல உப்பிக்கொண்டது. அடுத்தது குதிகாலைத் தாண்டி ஏறவில்லை. பிறகு இரண்டு நிறத்தில் ஆட்டுக்கொம்பு வடிவம் போடப் பார்த்தான். பயன்படாத நிறத்து நூலை உள்ளே இறுக்கி இழுத்ததில் காலுறை கையுறை அளவுக்குச் சுருங்கிப் போனது. அந்த நூலைத் தளர்வாக ஓடவிட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. கொம்பு நேராக வந்த அன்று மாஸ்கோவுக்குப் போன் போட்டுச் சொன்னான். சவ்சன் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “கதவச் சாத்திக்கிட்டுப் பின்னு,” என்றாள்.

சாத்திக்கொண்டான். ஆனால் எங்கள் வீடுகளுக்கு வெளிச்சம் வருவது கூரை நடுவிலுள்ள திறப்பு வழியாகத்தான். அவன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்ந்தாற்போல் தட்டைக் கூரை. மல்பெரிப் பழம் காயவைக்க ஏறிய குல்பரி அந்தத் திறப்பில் குனிந்து பார்த்தாள். செம்மறிக் கம்பளி மடியில் கிடக்க, ஊசியும் கையுமாக ஓர் ஆண். நன்றாகப் பார்த்துக்கொண்டு, காறித் துப்பிவிட்டு இறங்கினாள். அதன்பின் சிரிப்பதற்கு ஊருக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. ஒன்று மட்டும் உண்மை. ஆற்றைத் தாண்டி ஒருவரும் சொல்லவில்லை. ஊர் மானமாம். அவன் மானத்தைக் கிழித்துத்தான் ஊர் மானத்துக்கு ஒட்டுப் போட்டார்கள்.

பின்னியதைத் தானே போட்டுப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. காலை இழுத்து நடக்கிறவன் அல்லவா, குதிகால் சீக்கிரமே ஓட்டையாகிவிட்டது. கம்பளி மிருது, தேயும். அப்பனோடு சேர்ந்து அவன் சின்ன வயதில் திரித்த வெள்ளாட்டு முடி ஒரு சாக்கில் கிடந்தது. அது எளிதில் தேயாது. ஆனால் தோலைக் குத்தும். இரண்டு கம்பளி இழைக்கு நடுவே ஒரு முடி இழையை வைத்து முறுக்கி, குதிகாலை மட்டும் அந்த நூலில் பின்னினான். கண்ணுக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. பெண்ணின் நூலும் ஆணின் நூலும் ஒரே முறுக்கில் சண்டையில்லாமல் கிடந்தன.

கைக்குத் தெரியும் என்பதை அவன் மறந்துவிட்டான்.

கல்யாணத்தன்று தொங்குபாலம் தாண்டி அக்கரை போனார்கள். தோளில் மாவு தூவி வரவேற்றார்கள். நிக்காஹ் ஓதி முடித்து, உணவு முடிந்ததும் மூட்டையைப் பிரித்தாள் பக்த்பேகிம். நியோஸுக்கு உரியதை அவன் அப்போதே போட்டுக்கொண்டான். அவள் ஒரு ஜோடியைத் தூக்கிப் பிடித்து, கொம்பு வடிவத்தை விரலால் தடவி, இப்படிப்பட்ட கை நம் பக்கத்திலேயே இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். நேக்பக்த் தலை குனிந்தபடி மூச்சு விட்டாள். லால்மமத்துக்கு அந்த ஒரு நொடிதான் கிடைத்தது.

பக்த்பேகிம் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நின்றாள். மறுபடி அழுத்தினாள். நகத்தால் நெம்பி ஒரு முடியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். கம்பளி சுருளும்; அது சுருளவில்லை.

“வெள்ளாட்டு முடி,” என்றாள். “எந்தப் பொம்பள கை இது?”

எங்கள் ஊர்த்தலைவர் லால்மமத்தின் காதருகே சாய்ந்தார். “சவ்சன் போறதுக்கு முன்னாடி பின்னி வச்சதுன்னு சொல்லிடு. முடிக்குக் காரணம் நான் சொல்லிக்கிறேன்.” இவ்வளவு நாள் சிரித்த ஊர் முழுவதும் அந்தப் பொய்க்காக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பொய்யில் மகளின் நாள் பிழைத்துவிடும். அவன் கை மட்டும்தான் சாகும்.

“நாந்தான் பின்னினேன்,” என்றான் லால்மமத்.

பக்த்பேகிம் காலுறையை நெருப்பைத் தொட்டவள் போலக் கீழே போட்டாள். “ஆம்பள பின்னினத எங்க வீட்டு ஆம்பளைங்க காலுக்கு மாட்டிவிட வந்திருக்கியா? அப்ப பொண்ணுக்குப் பாலும் நீதான் குடுத்தியா?”

சிரிப்பு கூரைத் திறப்பு வழியாக வானத்துக்குப் போயிருக்கும். கல்யாணம் நிற்கவில்லை, ஓதியாகிவிட்டதே. காலுறைகள் மட்டும் மூட்டையாகக் கட்டப்பட்டு வாசலில் வைக்கப்பட்டன. நியோஸ் மட்டும் கழற்றவில்லை. கொள்கை ஒன்றுமில்லை, குனியச் சோம்பல்.

மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் பின்னால் நேக்பக்த் வந்தாள். ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்தான்.

“ஒரு பொய் சொன்னா செத்தா போயிருவே?” என்றாள். “நீ பாலம் தாண்டிப் போயிருவே. நான் இங்கதான இருக்கணும்.”

அவள் சொன்னது போலவே ஆயிற்று. ரொட்டி கருகினால் ஆம்பளை வளர்த்த கை. பால் பொங்கினால் ஆம்பளை வளர்த்த கை. ஊரிலிருந்த காய்ச்சலுக்கெல்லாம் அந்தக் கைதான் ஊசி போட்டது. அதற்கு மட்டும் யாரும் ஆம்பளை வளர்த்த கை என்று சொல்லவில்லை.

பனிக்காலம் முழுவதும் நியோஸ் மந்தைக்குப் பின்னால் நடந்தான். வீட்டில் எல்லோருடைய குதிகாலும் கிழிந்தது. அவனுடையது கிழியவில்லை. வாயில்லாப் பூச்சிக்கு ஒருநாள் எப்படியோ வாய் வந்து, அதை அக்காவிடம் சொல்லிவிட்டான்.

சில நாள் கழித்துக் குல்பரி சால்வைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு லால்மமத் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்தாள். பக்த்பேகிம் ரகசியமாகக் கொடுத்தனுப்பிய காலுறை. இரண்டு குதிகாலிலும் ஓட்டை. அந்த முடி போட்டுத் தைத்துக் கொடு, வெளியே மூச்சுவிடாதே என்று செய்தி. லால்மமத் அதைக் கையில் வாங்கவில்லை. முன்வாசல் வழியாக, பகலில், லால்மமத் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல் என்றான்.

“இடுப்பு வளையாதுன்னு தெரியும்,” என்றாள் குல்பரி. “நாக்குமா வளையாது?” காலுறையைத் தரையில் எறிந்துவிட்டுப் போனாள். அவன் அதை முன்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தான். அங்கேயே தொங்கியது.

பனி உருகும் சமயத்தில் நேக்பக்த் வந்தாள். முன்வாசல் வழியாகத்தான். அப்பன் ஊற்றிய தேநீரைத் தொடாமல் ஆணியைப் பார்த்தாள்.

“அதத் தச்சுக் குடுத்துடுப்பா. ஒன் மானத்துக்கு நான் வட்டி கட்டிட்டிருக்கேன்.”

  லால்மமத் காலுறையை ஆணியிலிருந்து எடுத்தான். தேய்ந்த இடத்தை வெட்டி எறிந்து, கண்ணிகளைப் பொறுக்கி, புதுக் குதிகால் பின்னினான். ஆனால் இந்த முறை முடியை உள்ளே ஒளிக்கவில்லை. கம்பளியை உட்புறம் வைத்து, சாயமேற்றாத கறுப்பு முடியை வெளிப்புறம் வைத்தான். சிவப்புக் காலுறையில் கரி பூசினாற்போல் குதிகால். மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும், யார் கை என்று.

நேக்பக்த் அதைக் கூடையின் மேலாக வைத்து, பாலத்தில் எல்லோர் பார்வையும் பட எடுத்துப் போனாள்.

“என்னடி இது, கழுதக் கொளம்பு மாதிரி?” என்றாள் பக்த்பேகிம்.

ஓட்டையில்லாத குதிகால் கேட்டீர்கள், ஓட்டையில்லாத குதிகால் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மருமகள் உள்ளே போனாள். பக்த்பேகிம் கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டினால் பழைய ஓட்டை. வெட்டாவிட்டால் லால்மமத். தரையோ ஜில்லென்று இருந்தது. போட்டுக்கொண்டாள்.

வெளியே ரப்பர் ஷூ மறைத்துவிடும். வீட்டுக்குள் ஷூ ஏது? நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு உறவெல்லாம் கூடியபோது அந்த அம்மாள் காலைப் பாவாடைக்கடியில் மடக்கிப்போட்டு உட்கார்ந்தாள். விருந்து முடியும் வரை எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, மருமகள் இறக்கிய கஞ்சியில் உப்புக் கூடிவிட்டதாகவும், ஆம்பளை வளர்த்த கை அப்படித்தான் என்றும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நேக்பக்த் கரண்டியை வைத்தாள். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவள் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து இரண்டு காலையும் சபையைப் பார்த்து நீட்டினாள். அவளுடைய குதிகாலும் கறுப்பு.

“எங்கப்பா பின்னினது,” என்றாள். “லால்மமத். அத்தை, நீங்களும் நீட்டுங்க, மரத்துப் போயிருக்கும்.”

 பக்த்பேகிம் நீட்டவில்லை. அன்றிலிருந்து அத்தையும் மருமகளும் ஒரே அடுப்பில் பேச்சில்லாமல் சமைக்கிறார்கள். லால்மமத் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பின்னுகிறான். அந்த வாசலில் இன்னும் மகளைத் தவிர ஒருவரும் வரவில்லை. கொல்லைப்புறத்தில் மட்டும் விடிந்தால் ஒரு மூட்டை கிடக்கிறது. ஓட்டைக் காலுறையோடு மாவோ உலர்ந்த பழமோ இருக்கும், பேர் இருக்காது. குல்பரியின் காலுறையும் ஒருநாள் அதில் வந்தது. எல்லாவற்றுக்கும் அவன் கறுப்புக் குதிகால்தான் போடுகிறான்.

பர்தாங் பக்கம் வந்தால் எந்த வீட்டிலும் உங்களை உட்காரவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட பால்தேநீர் கொடுப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். எல்லோரும் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். மரியாதைக்காக என்பார்கள். நம்பாதீர்கள். காலை நீட்டச் சொல்லுங்கள். இந்தக் குதிகாலைப் பின்னியது யார் என்று கேளுங்கள். அந்தப் பேர் அவர்கள் வாயால் வரும் வரைக்கும் தேநீரைத் தொடாதீர்கள்.