பெரட்டில் கூப்பிட்ட பெயர்

இது கட்டுக்கதை இல்லை. போன வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை நடந்தது. அதுவும் நடு ராத்திரியில் இல்லை, நன்றாக வெயில் ஏறிய பிறகு. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

ஹேமநாதனுக்கு மலேசியாவின் லுக்குட்டில் மோட்டார் பட்டறை. வாரம் முழுக்கக் கிரீஸ், சனி ஞாயிறில் காடு. ஆறு வருடமாக ரெம்பாவ் பக்கத்து மலையில் கருஞ்சிறுத்தையைத் தேடி ஏறுகிறான். அதன் வாலைக்கூடப் பார்த்ததில்லை. ரியான் மலையேறும் குழுவுக்கு நேற்று வந்தவன். அவனுக்கு பூட்ஸ் வாங்கக் கடை காட்டியதே ஹேமநாதன்தான். அந்த ரியான் அதே மலையில் மூன்று முறை கருஞ்சிறுத்தையைப் பார்த்துவிட்டான். மூன்றுக்கும் படம் வைத்திருந்தான். "அவருக்குக் கண்ணு இருக்குலா," என்றாள் ஹேமநாதனின் மனைவி ஷாமினி. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதோடு விட்டதா? மலையேறும் குழுவை நடத்தும் தர்மேந்திரன், பனிச்சிறுத்தை பார்க்க இமயமலைக்கு ஆள் சேர்த்தார். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. படம் எடுத்தவனுக்குத்தான் அது என்று ரியான் பெயரைச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயும் ஒரு படம் கொண்டுவா, பிறகு பேசலாம் என்று ஹேமநாதனிடம் சொல்லிச் சிரித்தார். சாவதற்குள் ஒரு தடவை பனிச்சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாகக் கனவு கண்டவன் ஹேமநாதன். அந்த இடம் ரியானுக்கா?

சனிக்கிழமை காலை 7.05. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தனியாக ஏறினான். ரப்பர் காலத்துத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடம் அது. இப்போது சிமெண்டுத் தரை மட்டும்தான் மிச்சம்.

தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் யார் பேரையும் சொல்லக் கூடாது, சொன்னால் அந்தப் பேர் காட்டுக்குத் தெரிந்துவிடும். கூப்பிட வேண்டுமென்றால் "ஊ" என்று குரல் கொடுக்க வேண்டும். ஹேமநாதன் ஆறு வருடத்தில் ஒரு நாளும் அதை மீறியதில்லை. அன்று வாய் நிற்கவில்லை. வேர் தடுக்கினால் ரியான். அட்டை கடித்தால் ரியான். "ரியான் பார்ப்பான், நான் பார்க்கக் கூடாதா?" என்று சத்தமாகவே கேட்டான்.

8.20. பூச்சிகளின் சத்தம் ஒரேயடியாக நின்றது.

ரப்பர் பால் புளித்த வாடை வந்தது. அந்த உயரத்தில் பால்மரமே கிடையாது.

பிறகு... டங்... டங்... இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம்.

ஓர் ஆண் குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

"முருகையா..."

"வந்துட்டேன்யா."

"வள்ளிநாயகி..."

"வந்துட்டேன்யா."

பெரட்டு! அந்தக் காலத்தில் விடியுமுன் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. தோட்டத்தில் அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. இங்கே யார் கூப்பிடுவது?

"ரியான்..."

யாரும் பதில் சொல்லவில்லை.

நியாயமாகப் பயம் வந்திருக்க வேண்டும். ஹேமநாதனுக்குப் பொறாமைதான் வந்தது. ஓஹோ... இங்கேயும் ஆள் பிடித்து வைத்திருக்கிறானா! இவர்கள்தான் அவனுக்குச் சிறுத்தையைக் காட்டுகிறார்களா!

வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பது பெரட்டில் சகஜம். தோட்டத்துப் பிள்ளையான அவனுக்கு இது தெரியாதா?

"ரியான்..."

"வந்துட்டேன்யா," என்றான் ஹேமநாதன்.

8.31. பத்தடி தள்ளி, பாறை மேல்... கருஞ்சிறுத்தை.

மூன்று படம் எடுத்தான். ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தான்.

அது அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தது.

பிடரியில் மூச்சு பட்டது. சில்லென்று...

"நீ ரியான் இல்லயே."

அவன் திரும்பவில்லை.

"அவன் வீடு எங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். உயிருக்குப் பயந்து சொன்னேன் என்று இன்றைக்கும் தனக்குத் தானே சாதிக்கிறான். ஆனால் சொன்னபோது நெஞ்சில் ஒரு மூலை குளிர்ந்தது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

"லுக்குட்... சர்ச்சுக்குப் பின்னால... மூணாவது வீடு."

மூச்சு விலகியது. பாறை காலி.

8.34.

எப்படி இறங்கினான், எப்படி மோட்டாரை ஓட்டினான் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. பதினொரு மணிக்கு ரியான் வீட்டு வாசலில் நின்றான். ரியானின் மனைவி குளோரியா கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டுக்கு வெளியே யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம், வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரி. குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டு, "வந்துட்டேன்யா" என்று வெறுங்காலோடு போனாராம். இவள் வெளியே வந்து பார்ப்பதற்குள் ரோட்டில் யாருமே இல்லையாம். மணி 8.35 என்றாள்.

ரெம்பாவிலிருந்து லுக்குட்டுக்குக் காரில் வந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

போலீஸ் தேடியது. குழு தேடியது. ரியான் இன்றுவரை திரும்பவில்லை. ஹேமநாதன் எடுத்த படங்கள் துல்லியமாக விழுந்திருந்தன. தர்மேந்திரன் இமயமலை இடத்தை அவனுக்கே கொடுத்தார். அவன் போகவில்லை.

மூன்று வாரம் கழித்துக் குளோரியா அவனைக் கூப்பிட்டு ரியானின் கேமராவைக் காட்டினாள். ரியான் எல்லாருக்கும் காட்டிய அதே மூன்று படங்கள், வெட்டாமல் முழுசாக. ஓரத்தில் கூண்டுக் கம்பி தெரிந்தது. ஏதோ ஒரு மிருகக்காட்சிச் சாலை.

"அவருக்குக் காடுன்னாலே பயம்ண்ணே. அந்த மலைக்கு ஒரு நாள்கூடப் போனதில்ல. உங்களப் பாத்துப் பாத்து ஏங்கிப் போவாரு. உங்களுக்குச் சமமா நிக்கணும்னுதான் இப்படிச் செஞ்சாரு."

ஹேமநாதன் கேமராவை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"வெட்கப்பட்டு, நெசமாவே பாத்துட்டு வரலாம்னு போயிருப்பாரோ என்னவோ. நீங்கதான் மலை தெரிஞ்ச ஆளு. ஒரு தடவ போய் அவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கண்ணே."

சனிக்கிழமை தவறாமல் பட்டறைக்கு வந்து இதையே கேட்கிறாள்.