சன்னாசி டாக்ஸியில் காற்று இறக்கியது யார்

என் வீட்டுக்காரர் சன்னாசி ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு டாக்ஸி ஓட்டினார். அதற்கு முன்னால் தோட்டத்து ரப்பர்ப் பால் லோரியில் பன்னிரண்டு வருஷம் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்குத் துணையாளாக, இருந்தார். விடிந்ததும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு லோரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பது அவருடைய வேலை. ‘டங்’ என்றால் காற்று இருக்கிறது. ‘தொப்’ என்றால் இல்லை. டாக்ஸிக்கு வந்த பிறகும் அதே கட்டை, அதே தட்டு. காற்று அளக்கும் மீட்டரை அவர் தொட்டதே கிடையாது.

“ஊசி பொய் சொல்லும். என் காது சொல்லாது” என்பார். 1983 வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

அந்த வருஷம் கம்பார் பக்கம் ஒரு குழியில் இறங்கி, வண்டியின் இரும்பு ரிம் இரண்டு வளைந்து போயிற்று. நாங்கள் குடியிருந்த புந்தோங்கில் எங்களுக்குத் தெரிந்த டயர் கடை ஆ சோங்குடையது. யாரோ ஓர் ஈய லம்ப, அதாவது ஈயச் சுரங்க, முதலாளி கழற்றிப் போட்ட நாலு ஸ்போர்ட் ரிம்மும், அதோடு அகலமான ரேடியல் டயரும் அவனிடம் இருந்தன. அதையே மாட்டிக்கொண்டு வந்தார். வெள்ளி மாதிரி பளபளத்தது. நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். தெருவே வந்து பார்த்தது.

பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்துவும் வந்து பார்த்தார். அவர் நகராண்மைக் கழகத்தில் வேலை. எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனால் இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். இருபது வருஷமாக ‘டேய் மச்சான்’ என்றுதான் பேச்சு.

“டேய் மச்சான், டாக்ஸிக்கு நகை போட்டிருக்க. எனக்கு எப்ப மொய் வைக்கணும்?” என்றார் பிச்சைமுத்து. பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கெழம மட்டும் வண்டிய அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துடா. ஆயர் தாவார்ல இருந்து எம்பொண்ணு நவமணியப் பாக்க வாராங்க. வாசல அடைச்சிக்கிட்டு நிக்குது.”

புது ரிம்மைப் பாராட்டிய வாயாலேயே வண்டியைத் தள்ளு என்றது இவருக்கு உறைத்தது. வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

மறுநாள் காலை கட்டையால் தட்டினார். தொப்.

நாலு டயரும் தொப். குனிந்து பார்த்தால், தரையில் படுகிற இடத்தில் டயர் பிதுங்கிக்கொண்டு இருக்கிறது. மிதிக்கிற பம்பை வைத்து ஒவ்வொன்றுக்கும் பத்து மிதி மிதித்தார். அடுத்த நாளும் தொப். மறுபடியும் பத்து மிதி. மூன்றாம் நாள் ஆ சோங் கடைக்குப் போய், சக்கரங்களைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு குமிழிகூட வரவில்லை. “ஓட்டை தாடா லா, இல்ல” என்று ஆ சோங் கையை விரித்திருக்கிறான். அவன் மேலே ஏதோ சொல்ல வந்ததைக் கேட்காமல், தாப்பா ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று இவர் கிளம்பி வந்துவிட்டார்.

வந்து என்னிடம் சொன்னார். “ஓட்டை இல்ல. ஓட்டை இல்லாம காத்து எப்படிப் போகும்? ஆள்தான் இறக்குறான்.”

“யாருங்க இறக்குவா?”

பிச்சைமுத்து வீட்டு வேலிப் பக்கம் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. தினமும் அந்தப் பத்து மிதியும் நிற்கவில்லை. பிச்சைமுத்து இருமினால், “ஏன் இருமுறான்?” இருமாவிட்டால், “என்ன சத்தத்தையே காணோம்?” பிச்சைமுத்துவின் சைக்கிள் டயரைத் தூரத்திலிருந்தே முறைத்துப் பார்ப்பார். “அவன் சைக்கிள்ல மட்டும் காத்து கல்லு மாதிரி நிக்குது பாத்தியா?”

“உங்க காத்த எடுத்து அவரு சைக்கிளுக்கா அடைக்கிறாரு?” என்றேன். சிரிக்கவில்லை. யோசித்தார்.

டயர் வால்வு மூடிகளில் கரிக்கோடு போட்டு வைத்தார். காலையில் கோடு இம்மியும் நகராமல் இருந்தது. அதுவும் குற்றமாகப் போயிற்று. “எவ்வளவு கெட்டிக்காரன் பாரு, கோட்டுக்கு நேரா திருப்பி மூடிருக்கான்.” பிறகு என் கோலமாவு டப்பாவை எடுத்துப் போய்ச் சக்கரங்களைச் சுற்றித் தூவினார். விடிந்து பார்த்தால் மாவு முழுக்கக் கோழிக்கால் தடம்.

“அவன் வீட்டுக் கோழி!” என்றார்.

“கோழி எப்படிங்க மூடிய திறக்கும்?”

“கோழிய விட்டு அவன் தடத்தை அழிச்சிருக்கான்.”

நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். இருபது வருஷப் பழக்கத்தை ஒரு டயர் தின்று கொண்டிருந்தது. இதற்குள் ஆயர் தாவார் ஆட்கள் வந்து பார்த்து, நவமணியைப் பிடித்துப் போய், வரும் மாதம் பரிசம் போட வருகிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் பிச்சைமுத்து பழம் கொண்டு வந்தபோது, இவர் குளிக்கிற மாதிரி உள்ளே இருந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி பத்துமலையிடம் மனசில் இருந்ததைக் கொட்டினேன். “சாமி, எங்க வீட்டுக்காரருக்குப் பத்து நாளா காத்து தொந்தரவு. பக்கத்து வீட்டு அண்ணன்தான் காத்த இறக்கி விடுறாருன்னு இவருக்குச் சந்தேகம். மனசு தெளியணும் சாமி.”

டயர் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. என் தலை முழுக்க டயராக இருந்ததால், சொன்னதாக நினைத்துக்கொண்டேன். பூசாரியின் முகம் மாறியது. எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் மந்திரித்துக் கொடுத்தார். “மூணு வெள்ளிக்கெழம தவறாம வாம்மா. அந்தப் பக்கத்து வீட்டுல பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீங்க” என்றார். டயருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். பெரியவர் சொல்கிறார் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பழத்தை வண்டியின் முன்னால் கட்டினேன்.

கோயிலில் நான் பேசியபோது எனக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

அடுத்த வாரம் பிச்சைமுத்துவின் மனைவி செல்லாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஒரு கடிதம்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரு பேய் ஏவுறவரா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்கதான் கோயில்ல சொன்னீங்களாம். உங்க வீட்டுக்காரரு மேல காத்த இறக்கி விடுறாருன்னு. புந்தோங் பூரா பேசி, ஆயர் தாவார் வரைக்கும் போயிருச்சு. பரிசத்த இப்போதைக்கு வேணாம், யோசிச்சுச் சொல்றோம்னு எழுதிட்டாங்க. எம்புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல.”

“ஐயோ செல்லாயி, நான் சொன்னது டயர்க் காத்தும்மா!”

“டயர்க் காத்தா?” அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. “அப்ப, டயர்க் காத்த எம்புருஷன் இறக்கிவிட்டாரா?”

அவள் போய்விட்டாள்.

அன்று நான் என் வீட்டுக்காரரிடம் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். “இப்பவே ஆ சோங்கிட்ட போங்க. காத்து குறைஞ்சிருக்குன்னு அவன் வாயால சொல்லட்டும். இல்லன்னா அந்தப் பொண்ணு பாவம் நம்ம தலையிலதான்.” நானும் கூடவே போனேன்.

ஆ சோங் பேனா மாதிரி இருந்த மீட்டரை எடுத்து முதல் டயரில் வைத்தான். பார்த்தான். மறுபடி வைத்தான். அடுத்த டயரில் வைத்தான்.

“அண்ணே, எத்தன நாளா அடிக்கிறே?” என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். “இருபத்தெட்டு போதும். இது நாற்பத்தஞ்சு! இன்னும் கொஞ்சம் அடிச்சா பெச்சா லா, வெடிச்சிரும். ஆள் மாத்தி, செத்துருவே!”

“தட்டினா தொப்புங்குதே” என்றார் இவர்.

“இது ரேடியல். பக்கம் மெத்து. எப்பவும் வயிறு தள்ளித்தான் நிக்கும். ரிம்மும் வேற. சத்தம் வேறதான் வரும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீ ஓடிட்டே.”

ஆ சோங் மீட்டரை இவர் கையில் கொடுத்தான். நாலு சக்கரத்திலும் குனிந்து குனிந்து, இருபத்தெட்டு வரும்வரை என் வீட்டுக்காரரே காற்றை இறக்கினார். சீறிக்கொண்டு வந்த காற்று அவர் முகத்தில் அடித்தது. கடைசிச் சக்கரத்தின் மூடியைத் திருகிவிட்டு, மீட்டருக்குக் காசு கொடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு இருவரும் ஆயர் தாவாருக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா இராமசாமி செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வீட்டில் எடுபடுகிற பேச்சு மாப்பிள்ளையின் அம்மா பாப்பாவுடையது. என் வீட்டுக்காரர் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், கோழிக்கால் தடம் உட்பட. நானும் கோயிலில் என் வாய் செய்ததைச் சொன்னேன்.

பாப்பா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நீங்க பக்கத்து வீடு. அவரு உங்க மேல காத்த ஏவினாருன்னு ஊர் பேசுது. இப்ப நீங்களே வந்து அவரு தங்கமான மனுஷன்னு சொல்றீங்க. அவருக்குப் பயந்துகிட்டு வந்து சொல்றீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வராதா?”

பதினைந்து நாளாக என் வீட்டுக்காரர் பிச்சைமுத்துவைப் பார்த்த அதே பார்வையை இப்போது அவரே வாங்கிக்கொண்டு நின்றார். எது சொன்னாலும் அதுவே சாட்சியாகும். நாங்கள் எழுந்தோம்.

வழியனுப்ப வந்த இராமசாமி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன் டயரைக் காலால் ஒரு உதை விட்டார்.

“என்னங்க இது, நாலும் சப்பையா கெடக்கு? இதோட எப்படி ஈப்போ போவீங்க?” எதிர் வீட்டுப் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். “வண்டி நிக்கிறப்ப அந்த சீனி வீட்டு ஆளுங்க இந்தப் பக்கமா நடந்தாங்க. அவனுங்க வேலையாத்தான் இருக்கும்.”

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, இராமசாமியிடம் கொடுக்காமல் பாப்பாவிடம் கொடுத்தார். எப்படி அழுத்துவது என்று காட்டினார்.

“எவ்வளவு இருக்கணும்?”

“இருபத்தெட்டும்மா.”

பாப்பா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு சக்கரமாக, நாலையும் அழுத்திப் பார்த்தார். நாலும் இருபத்தெட்டு. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார்.

“நீங்க இப்ப யார சொல்ல வந்தீங்க?”

இராமசாமி தலையைச் சொறிந்தார்.

“சீனி வீட்டு ஆளுங்க காதுல விழுந்திருந்தா?” பாப்பா மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். எங்களைப் பார்த்துச் சொன்னார்: “சொன்ன தேதியிலேயே பரிசத்துக்கு வாரோம்னு சொல்லுங்க. ஆனா அந்தப் பூசாரிகிட்டயும் போயிச் சொல்லிருங்கம்மா. ஊர் வாய்க்கும் மீட்டர் வைக்கணும்லா.”

பூசாரியிடம் போனேன். இந்தத் தடவை டயர் என்ற வார்த்தையை மூன்று முறை சொன்னேன்.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் காலையில் முதலில் மீட்டரை வைத்து இருபத்தெட்டு பார்ப்பார். பிறகுதான் கட்டையால் தட்டுவார். இதுதான் இருபத்தெட்டின் சத்தம் என்று தன் காதுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். அந்தப் புதுச் சத்தம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. பிடிபட்ட பிறகும் மீட்டரை விடவில்லை.

பரிசத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிச்சைமுத்துவும் செல்லாயியும் தட்டோடு எங்களை அழைக்க வந்தார்கள். முறையாக வந்தார்கள். செல்லாயி எனக்குக் குங்குமம் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, “மச்சான், நான் செஞ்சது…” என்று ஆரம்பித்தார்.

“பரவால்லங்க” என்றார் பிச்சைமுத்து. “நீங்க ஆயர் தாவார் வரைக்கும் போயி பேசுனீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வந்துருங்க.”

அவர்கள் போன பிறகு இவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தானே பேசுனான்?” என்று என்னிடம் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுனாரு” என்றேன்.

“‘நீங்க’ங்கிறான் நல்லம்மா” என்றார். “என்னயப் பாத்து ‘நீங்க’ங்கிறான்.”