குழிக்குள் வைத்த சீட்டு

எங்கள் ஊருக்குப் பழம்பொருள் ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மாவின் அப்பா அயர்லாந்தில் அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டியவர். ஒருநாள் மண்ணுக்குள் ஒரு மரத்தொட்டி தட்டியது. உள்ளே பல நூறு வருஷத்து வெண்ணெய். எட்டு வயதில் அதை முகர்ந்து பார்த்த மகள், பிறகு முப்பது வருஷம் நாடு நாடாகப் போய்க் குழி தோண்டினார். "மண் எதையும் மறக்காது" என்பார். அப்போது எனக்கு அது அழகான பேச்சாகப் பட்டது.

அவருடைய கடைசி வேலை பர்மாவில், தன்லியின் என்ற ஊரில், ஆற்றோரப் பழைய துறைமுக மேட்டில். நகரத்தில் நான் குடியிருக்கும் லான்மடாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அவருக்கு மொழிபெயர்த்தேன். தோண்டியவர்கள் ஆறு பேர், எல்லாரும் அந்த ஊர்த் தமிழர்கள்.

குழியை மூடும்போது இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடியில் தார்பாய் விரித்து, வருஷம் தெரிகிற காசு ஒன்றை வைத்துவிட்டுத்தான் மண்ணைத் தள்ளுவார்கள். பின்னால் தோண்டுகிறவனுக்கு, முன்பே ஒருவர் வந்து போனது தெரியவேண்டுமாம். இங்கே நாணயம் புழக்கத்தில் இல்லை, எல்லாம் நோட்டுதான். "ஒரு பாட்டிலில் வருஷத்தை மட்டும் எழுதிப் போடுங்கள்" என்றார் டாக்டரம்மா.

நான் குமாஸ்தாக் குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. வருஷத்தோடு நிறுத்தக் கை வருமா? ஆறு பேர் பெயர், தகப்பன் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் தமிழில் எழுதி ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். எங்கள் ஆட்கள் பெயரும் மண்ணில் கிடக்கட்டுமே என்ற நப்பாசை. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நாட்டு நிலைமை மாறியது. டாக்டரம்மா ஊருக்குப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரர்களிடம் வேலை செய்தவர்களை அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்கினார்கள். விசாரணைக்குப் போன பக்கத்துத் தெருக்காரர் இன்னும் திரும்பவில்லை. நான் மொழிபெயர்த்தது ஊரறிந்தது. தோண்டியவர்கள் யார் என்பதுதான் எங்கும் எழுத்தில் இல்லை. அந்தத் தைரியத்தில் ஆறு பேரும் இருந்தார்கள்.

போன வாரம் அவர்களில் ஒருவன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, மேட்டுல மெசினு எறங்கிருச்சு. நம்ம தார்பாய் மேல வந்துருச்சு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னாண்ணே பயம்? அதுல நம்ம பேரா எழுதியிருக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கோழை; "டீ குடி" என்றேன்.

நேற்றுக் காலை வார்டு ஆபீசில் கூப்பிட்டார்கள். மேசை மேல் என் ஊறுகாய் பாட்டில். அதிகாரி சீட்டை நீட்டி, "உங்க பாஷையாமே, வாசிங்க" என்றார் பர்மியத்தில், மரியாதையாகவே.

"ஜெபம்" என்றேன். "வேலை நல்லபடி முடிந்ததற்கு எழுதியது."

"இந்த நம்பரெல்லாம்?"

"வேதாகம வசன எண்கள்."

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. போனை எடுத்துச் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை, தமிழ் வாசிக்கிறவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்காங்க" என்றார்.

ஆறு பேரையும் எச்சரிக்க அங்கிருந்து நேராகத் தன்லியின் பஸ் ஏறினேன். முதல் வீட்டு வாசலில் போன வாரம் வந்தவன்தான் நின்றிருந்தான். "வாங்கண்ணே" என்று சிரித்தான்.