மாவுக்கட்டுக் காலோடு ஒரு புதையல் வேட்டை

இன்று மதியம் என் நாத்தனார் எட்டு மாதம் கழித்து என்னிடம் பேசினார்!

பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கோலாரு இல்ல."

முதலில் இருந்து சொல்கிறேன்.

போன வாரம் கவரைப்பேட்டையில் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது வழுக்கி, இடது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. (கம்பெனியில் லீவு கேட்டால் தராதவர்கள், எக்ஸ்ரேயைப் பார்த்ததும் தந்துவிட்டார்கள்!)

என்னைப் பார்த்துக்கொள்ள, இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் கணவரின் அக்கா விஜயா அண்ணி தினமும் வருகிறார். அவருக்கு இந்த வாரம் கம்பெனி பேக்கிங் செக்ஷனில் நைட் ஷிஃப்ட், அதனால் பகலில் இங்கே.

வருகிறார், சமைக்கிறார், துணி மடிக்கிறார். பேச மட்டும் மாட்டார்.

தப்பு என்னுடையதுதான். எட்டு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று என் தோழி ஒருத்தி, "உங்க நாத்தனார் இன்னா வேலை பண்றாங்க?" என்று கேட்டாள். "சும்மா, பொட்டிக்கு டேப் ஒட்ற வேலை" என்றேன். அண்ணி பின்னாலேயே காபி தட்டோடு நின்றிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் ஃபேனைப் பார்த்துத்தான் சொல்வார். "ரசம் ஆறிப் பூடும்." "மாத்திர போட்ற டைம் ஆயிடுச்சி." ஃபேனும் நானும் ஒன்றாகத் தலையாட்டுவோம்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு நம் ஆன்லைன் குரூப்பில் அட்மின் 'நாற்காலிப் புதையல் வேட்டை' போட்டார் அல்லவா? மூன்று ஊர்ப் பட்டப்பெயர்கள். ஊர்களைக் கண்டுபிடித்து முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு பொருள் வரும். அதை முதலில் போட்டோ எடுத்துப் போடுபவருக்குப் பரிசு. இணையத்தில் தேடக் கூடாது, வீட்டில் இருப்பவர்களைக் கேட்கலாம்.

தென்னிந்தியாவின் மான்செஸ்டர். தங்க நகரம். அரண்மனை நகரம்.

முதலாவது கோயம்புத்தூர், பள்ளிக்கூடத்திலேயே படித்தது. மற்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "தங்க நகரம், கோலாரு... அரண்மனை நகரம், தஞ்சாவூரு..."

கோ, கோ, த. கோகோத! (இப்படி ஒரு பொருள் யார் வீட்டிலாவது இருக்கிறதா?)

மூன்று மணிக்கு வழக்கம்போல் பவர் கட் ஆகிவிடும். இப்போதே மணி இரண்டே முக்கால். எனக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அடுப்படியில் இருந்து அந்தக் குரல்.

"கோலாரு இல்ல. அது தங்க வயலு. தங்க ஊருன்னா துபாய்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணி ஃபேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

"உங்களுக்கு எப்டி அண்ணி தெரியும்?"

"எங்க செக்ஷன்ல லோடு ஏத்தறவரு பழவேற்காட்டு பாய். துபாய் பொட்டி வந்தாலே, 'தங்க ஊருக்குப் போவுதும்மா, பாத்து ஒட்டு'ம்பாரு. அவரு தம்பிங்கல்லாம் அங்கதான் கீறாங்க."

"அப்போ அரண்மனை?"

"மைசூரு. அந்த ஊருக்கு லாரி ஓட்ற டிரைவரு லைட்டு போட்ட அரண்மனைய போன்ல காட்னாரு. நான் பெரியபாளையம் தாண்டி எங்கயும் போனதில்ல. ஆனா நான் பேரு எழுதி ஒட்டாத ஊரு இல்ல."

கோ. து. மை.

"கோதுமை!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

எங்கள் வீட்டில் இருந்தது கோதுமை மாவு. அட்மின் கீழேயே எழுதியிருந்தார், பொருள் முழுசாக இருக்க வேண்டும், பொடித்தது செல்லாது என்று!

"எங்க ஊட்ல ரேஷன் கோதும கீது, இரு!" என்று அண்ணி ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் கோதுமை, வாசலில் இருந்து என் நாற்காலி வரை கோதுமைக் கோலம். உள்ளங்கையை அப்படியே போட்டோ எடுத்தேன். என் போனில் நெட் கிடையாது, அதனால் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பதிவேற்றினேன். பாதி ஏறியது... முக்கால் ஏறியது...

ஏறி முடிந்தது. கரண்ட் போனது.

நாங்கள் முதலா, பத்தாவதா? ஐந்து மணி வரை தெரியாது!

விசிறியை எடுத்துக்கொண்டு அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் சேர்த்து வீசினார்.

"அண்ணி, அன்னிக்கி நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்."

அண்ணி விசிறியை என் பக்கம் திருப்பி வீசினார்.

"நீ சொன்னதுகூடப் பரவால்ல. ஏன் பேசலன்னு எட்டு மாசம் ஒரு வார்த்த கேக்காம இருந்தியே, அதான் பேஜாரா இருந்துச்சி" என்றார். பிறகு, "உடு. காலு வலிக்குதா?"

நான் அழுதேன். கால் வலிக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அண்ணி மாத்திரை எடுத்துத் தந்தார். (நானும் மறுக்காமல் போட்டுக்கொண்டேன்.)

அதற்குப் பிறகு ஐந்து மணி வரை பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். எந்த ஊருக்கு எந்தப் பெட்டி, எந்த டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்கு இப்போது எல்லாம் தெரியும்.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால்... முதல் பரிசு எங்களுக்கு! நான்கு நிமிட வித்தியாசத்தில் சேலத்து நண்பர் இரண்டாவது. (மன்னியுங்கள் சார், உங்கள் வீட்டில் ஓடுவதற்கு ஆள் இல்லை!)

பரிசு, அடுத்த வேட்டைக்குக் கேள்வி தயாரிக்கும் உரிமை.

அதற்காக நான் எழுதி வைத்த ஊர்ப் பட்டப்பெயர்களை அண்ணியிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். 'தூங்கா நகரம், மதுரை' என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மதுரையா? நம்ம கும்மிடிப்பூண்டில கம்பெனிங்கல்லாம் மூணு ஷிஃப்டு ஓடுது. இங்க எவன் தூங்கறான்? அந்தப் பேர மாத்தச் சொல்லு!"

மதுரை நண்பர்களே, பதில் சொல்லுங்கள். அண்ணி நைட் ஷிஃப்டுக்கு எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் படித்துக் காட்ட வேண்டும்!