டாம்பரின் கீழ் முனை

2019 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சரியான விடைக்குச் சுழி போட்டவள் நான். சரி என்று தெரிந்த பிறகும் திருத்தாதவளும் நானே! மன்னிப்பை எதிர்பார்த்து இதை உன்னிடம் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழு மணிக்கு மயிலாப்பூரில் பேருந்து ஏறினேன். எட்டுக்கு முன்பே அடையாற்றில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இருந்தேன். பத்து மணிக்குப் பருவத் தேர்வு விடைத்தாள்களை மாணவர்களுக்குக் காட்டினேன்.

ஒன்பதாம் கேள்வி, மேடுபள்ளச் சாலையில் ஓடும் வண்டியின் அதிர்வு. ஓர் எடை, அதைத் தாங்கும் ஸ்பிரிங், ஆட்டத்தைத் தணிக்கும் டாம்பர். அடியில் சாலையும் ஏறி இறங்குகிறது. எட்டு ஆண்டுகளாக அதற்கு ஒரே விடைக்குறிப்பு, நான் எழுதியது.

கலைவாணி தாளோடு வந்தாள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். தினமும் இரண்டு பேருந்து மாறி வருபவள்.

“மேடம், ஸ்பிரிங்குக்கு ரோட்டோட அசைவைக் கழிச்சுக்கீறீங்க. டாம்பருக்கு ஏன் கழிக்கல? அதோட கீழ் முனையும் ரோட்டோடதான போய்க்கினு கீது?”

பின்வரிசையில் ஒரு குரல்: “மச்சி, மேடத்துக்கே கிளாஸ் எடுக்குறாடா!”

வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்து...

“முதல்ல ஒழுங்கா பேசக் கத்துக்கோ. அப்புறம் டாம்பரைப் பத்திப் பேசலாம்” என்றேன். இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பாஸுக்கு நாலு மார்க்தான் மேடம் கம்மி. அரியர் வந்தா கம்பெனி இண்டர்வியூல உக்கார வுடமாட்டாங்கோ” என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

மாலை பேருந்தில் உட்கார இடமில்லை. மந்தைவெளி அருகே வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அடியில் சாலை எழும்பினால் ஸ்பிரிங்கின் முனை மட்டுமா எழும்பும்? டாம்பர் என்ன, அந்தரத்திலா தொங்கும்? அந்தக் கணமே புரிந்துவிட்டது! வீட்டில் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அவள் எழுதியதே வந்தது.

மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட மறுநாள் மதியம் வரை அவகாசம் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும்... ஆனால் அது எட்டு ஆண்டு விடைத்தாள்களையும் கிளறும். அதே வகுப்பின் முன் நின்று, அவள் சொன்னதே சரி என்று நான் சொல்ல வேண்டும். முடியாமல் இல்லை, விரும்பவில்லை. பட்டியல் அப்படியே போயிற்று.

அரியரைப் பிறகு எழுதித் தேறினாளாம். அதற்குள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் மற்றவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சென்ற ஆண்டு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போனேன்; அங்கே அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம், இன்னா வெலைல பாக்குறீங்கோ?”

எல்லோரையும் அழைக்கும் ‘மேடம்’தானா? இல்லை, என்னைத் தெரிந்துதான் சொன்னாளா? இன்றுவரை தெரியவில்லை. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன்...

அந்த வியாழனுக்கு மறுநாள் காலை நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பல் துலக்கும் முன்பே என் விடைக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். டாம்பரின் வரியில் விட்டிருந்த சாலையின் அசைவைச் சேர்த்தேன். பழைய எழுத்திலிருந்து வேறுபாடு தெரியாதபடி, அதே நீல மையில்.