சுவரைத் தொடாத திரை

சூயஸ் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கரையோடு கட்டுகிற வேலை பார்த்தவர் பயூமி. அறுபத்தேழாம் வருஷத்துச் சண்டைக்குப் பிறகு ஊரையே காலி செய்யச் சொன்னபோது, மனைவி அதியாத்தையும் மகள் நகாத்தையும் கூட்டிக்கொண்டு தூரத்து மன்சூரா நகரத்தில் ஓர் அரசாங்கக் கான்கிரீட் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கட்டடம் முழுக்க சூயஸ் சனம்தான். கீழ்வீட்டில் அதியாத்தின் பெரியம்மா மகன், எதிர்வீட்டில் அவனுடைய மச்சினிச்சி. படியேறும்போதே மீன் பொரியும் வாசனையை வைத்து யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிடலாம். என்ன நாட்கள் அவை!

அந்தச் சனத்துக்கு ஒரு வீம்பு இருந்தது. ஒருவரும் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். அடித்தால் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. காலண்டர்கூட நாற்காலியில்தான் சாய்ந்திருக்கும். இரண்டு மாதம் என்று வந்தவர்கள், இரண்டு வருஷமாகியும் அப்படியேதான் இருந்தார்கள்.

அப்போதுதான் நகாத்தைப் பெண் கேட்டு உள்ளூர்க்காரர்கள் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இருந்ததோ ஒரே அறை.

"வியாழக்கிழமை வர்றாங்க. கட்டிலையும் மூட்டையையும் பார்த்தா, ஓடி வந்த கூட்டம்னு எழுந்து போயிருவாங்க. நடுவுல ஒரு திரை கட்டணும். ரெண்டே ரெண்டு துளை போடுங்க, நகாத் அப்பா," என்றாள் அதியாத்.

"துளை மட்டும் போட மாட்டேன்."

"அப்ப திரையை உங்க மூக்குல மாட்டவா? அதுதான் இந்த வீட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது."

பயூமி எழுந்து வெளியே போனார். நல்ல சவுக்குக் கழி ஒன்று தேடிக் கொண்டுவந்தார். சுவருக்குச் சுவர் கயிற்றால் அளந்து, இரண்டு விரற்கடை குறைத்து அறுத்தார். பழைய லாரி டியூபை வெட்டி இரு முனைகளிலும் மடித்துக் கட்டி, சுவருக்கும் கழிக்கும் நடுவில் மர ஆப்பைத் தட்டி இறுக்கினார். அதியாத் துணியை மாட்டிய மறுநிமிஷம் கழி அவள் தோளில் வந்து விழுந்தது.

"பொண்ணுக்கு முன்னாடி என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறீங்களா?"

பயூமி முனையைத் தடவிப் பார்த்தார். ரப்பர் முழுக்கச் சுண்ணாம்பு. வெள்ளைப்பூச்சு மாவாக உதிர்ந்து வழுக்கியிருக்கிறது. கழி முட்டும் இடத்தில் மட்டும் ஈரத்துணியால் தேய்த்து, கான்கிரீட் தெரியும்படி பூச்சை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கினார். தண்ணீர் வாளியை ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டும் கழி அசையவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரவ்ஹியா, கண் ஓயாமல் அலைகிற பெண்மணி. தேநீர் ஆறும்வரை திரையையே பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்: "ஆணியே காணோமே?"

"ஊருக்குப் போறப்போ சுவரை வாங்கினபடியே குடுக்கணும்ல அம்மா," என்றார் பயூமி பெருமையாக.

ரவ்ஹியாவின் முகம் சுண்டிவிட்டது. "அப்படியா? அப்போ பொண்ணையும் இதே மாதிரி கழட்டி எடுத்துட்டுப் போயிருவீங்களோ?"

அதியாத் கணவரை முறைத்த முறைப்பில் தேநீர் மறுபடி கொதித்திருக்கும். அவரோ கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து நகாத்தின் குரல் வந்தது.

"அப்பா போகட்டும் அத்தை. நான் இங்கேயே இருக்கேன்."

ரவ்ஹியா சிரித்துவிட்டாள். அங்கேயே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்தார்கள். பயூமியும் ஓதினார்.

எழுபத்து நாலில், சூயஸ்காரர்கள் திரும்பி வரலாம் என்று ஊரைத் திறந்துவிட்டார்கள். வாசலில் லாரி நின்றது. சாமான்களை ஏற்றச் சொல்லிவிட்டு, பயூமி உளியும் சுத்தியலுமாக இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டுக்கு நடந்தார்.

"எதுக்குப்பா இது? எனக்கும் ஒரு கழி வெச்சுக் குடுங்க, போதும்," என்றாள் நகாத்.

"போதாதும்மா. இது உன் வீடு."

ஜன்னலுக்கு மேலே உளியை வைத்து முதல் அடி அடித்தார். கான்கிரீட் லேசில் இளகவில்லை. தூசி மீசையெல்லாம் வெள்ளையாகப் படிந்தது. லாரிக்காரன் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவது துளையையும் முடித்து, துளைகளில் மரக்கட்டை இறக்கி ஆணி அடித்து, திரையை மாட்டிய பிறகுதான் அவர் படியிறங்கினார்.