அங்கப்பன் வறுத்த காப்பி

என்ற ஊட்டுக்காரர் அங்கப்பனுக்கு மூக்கு செத்துப்போயி இந்தப் பங்குனியோட ரெண்டு வருசம் ஆகுது. சிங்காநல்லூர் குளத்து மேட்டுல மொபெட்டுல போயி விழுந்தார். பின்மண்டையில அடி. ஹெல்மெட்டு வண்டியில தொங்கிட்டு இருந்துது. அது தலைக்கு வாங்கினதா வண்டிக்கு வாங்கினதான்னு ஆஸ்பத்திரியிலயே வெச்சுத் திட்டிப்போட்டேன். உசுரு பொழைச்சுது. வாசம் மட்டும் போனது போனதுதான்.

ரசம், கருவாடு, மல்லிகைப்பூ எல்லாம் அவருக்கு ஒண்ணுதான். நாக்கும் மரத்துப்போச்சு. வட்டல்ல என்னத்தைப் போட்டாலும் தின்னுபோட்டுக் கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிருவார். அப்படித் திங்கிற ஆளுக்கு எவ அக்கறையா சமைப்பா? நானும் ஏனோதானோன்னு ஆக்கிக் கொட்ட ஆரம்பிச்சேன். பொழுதோட ரெண்டு பேரும் டிவி முன்னால உக்காந்திருப்போம். என்ன ஓடுதுன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியாது.

"நரம்பு அறுந்திருக்குதா நசுங்கியிருக்குதான்னு சொல்ல முடியாதுங்க. தெனமும் வாசமான பொருளா மோந்து பாருங்க. வந்தா வரும்"னார் டாக்டர். வந்தா வரும்! இதைச் சொல்றதுக்கு ஒரு படிப்பு. கிராம்பு, எலுமிச்சை, கற்பூரம்னு மோந்து சலிச்சுப்போயி, கடைசியில அவரே ஒரு யோசனை புடிச்சார். காப்பிக்கொட்டை வறுத்தா தெருவே மணக்கும், அதுக்கும் இந்த மூக்கு எந்திரிக்காதான்னு. ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல மேஸ்திரியா இருக்கிற என்ற தம்பி லட்சுமிநாராயணன் அஞ்சு கிலோ பச்சைக்கொட்டை குடுத்தனுப்பினான்.

போன்ல வீடியோ பாத்து ஆரம்பிச்சார். இரும்பு வடச்சட்டி, கட்டைக் கரண்டி, ஒரு தடவைக்கு ரெண்டு கை கொட்டை. கை விடாமக் கிண்டோணும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும், மேல்தோலு உரிஞ்சு பறக்கும். அப்பறம் பட்டுப்பட்டுன்னு வெடிக்கும். வெடி அடங்கினதும் எறக்கி, மொறத்துல கொட்டிப் பொடைச்சு ஆற வெக்கோணும். விட்டா கரிதான். வாசம் தெரிஞ்சவங்களுக்கு மூக்கே சொல்லிப்போடும். இவருக்குக் காதுதான் கதி. அந்தக் காதோ முப்பத்திரெண்டு வருசம் மில்லுல ஸ்பின்னிங் சத்தத்துல கெடந்த காது. வெடிச்சு ஓஞ்சு, புகை கண்ணைக் கரிக்கறப்பதான் எறக்குவார்.

மொத நாளு காப்பி வாயில வெக்க முடியலை. கரிச்சட்டி கழுவின தண்ணியாட்ட இருந்துது. அவர் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னார். அடிபட்டதுக்கு அப்பறம் அவர் ஒண்ணைத் தெரிஞ்சுக்கோணும்னு கேட்டு நின்னது அன்னைக்குத்தான்.

"எப்படி இருக்குது தெய்வாத்தா?"

"நல்லாருக்குதுங்க"ன்னேன்.

எங்க பக்கத்துப் பொழப்பே இதுதானுங்க. எதுத்தாப்புல இருக்கிறவங்க மனசு நோகக்கூடாதுன்னு எதையும் நல்லதாவே சொல்லி மொழுகிப்போடுவோம். வந்த ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் அந்தக் காப்பிதான். "அருமைங்க"ன்னு கண்ணை மூடிட்டுக் குடிச்சாங்க. மாடியில குடியிருக்கிற மௌனிகா டம்ளரோட மேல போயி செம்பருத்திக்கு ஊத்தினதை நானே பாத்தேன். அவகூட, "அங்கிள், கடைக் காப்பியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாதுங்க"ன்னுதான் சொன்னா.

என்ற பங்குக்கு நான் தெனமும் ஒரு கேள்வி கேப்பேன். "வாசம் வருதுங்களா?" ஒரு மாசம் இல்லை இல்லைன்னார். அப்பறம் ஒரு நாளு, "லேசா வருதாட்ட இருக்குது"ன்னார். அடுத்த வாரமே அவரைக் கூட்டிட்டுப் பழனிக்குப் போயி, வேண்டிக்கிட்டபடி என்ற தலைக்கு மொட்டை போட்டுட்டு வந்தேன். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தார். வாயே தொறக்கலை.

போன வெள்ளிக்கெழமை காத்தால ரேசன் கடைக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன், வாசப்படியிலயே கேஸ் நாத்தம் குப்புன்னு அடிக்குது. உள்ள ஓடிப் பாத்தா, தோலு பறக்கட்டும்னு டேபிள் ஃபேனை அடுப்புக்கு நேரா வெச்சிருக்கார். காத்துக்கு அடுப்பு அணைஞ்சுபோயி கேஸ் மட்டும் வந்துட்டே இருக்குது. மனுசன் அதும்மேல குனிஞ்சு நிக்கிறார், மறுக்காப் பத்த வெக்கிறதுக்கு லைட்டரைக் கையில எடுத்துட்டு.

"அட பாவி மனுசா!"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல மரியாதை இல்லாம அவரைக் கூப்பிட்டது அன்னைக்குத்தான். லைட்டரைப் புடுங்கி வெளிய வீசினேன். சிலிண்டரை மூடி, சன்னலைத் தொறந்துபோட்டு, அவர் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து வாசல்ல உக்கார வெச்சேன்.

"இந்த நாத்தங்கூடத் தெரியலீங்களா?"

"தெரியலை."

"அப்ப வாசம் வருதுன்னீங்களே?"

"நீ தெனமும் கேட்டே. உன்ற மூஞ்சியப் பாத்துட்டு மறுக்கா மறுக்கா இல்லைன்னு சொல்ல முடியலை."

"மொட்டை போடறப்பவாவது சொல்லியிருக்கக்கூடாதுங்களா?"

"உன்ற முடியை வாங்கிட்டா முருகன் வாசத்தைக் குடுத்துருவான்னு பாத்தேன்."

எனக்கு ஆத்திரம் வந்திருக்கோணும். வரலை. அழுகையாவது வந்திருக்கலாம், அதுவும் வரலை. பல்லு புடுங்க ஊசி போட்ட தாடையாட்ட நெஞ்சு கெடந்துது. சரி, இனி எதை மூடி மறைக்கிறதுன்னு நானும் சொல்லிப்போட்டேன்.

"காப்பி ஒரு நாளும் நல்லா இல்லீங்க. அத்தனையும் கரி."

அவர் திரும்பி என்னைப் பாத்தார். மூக்கு போனதுக்குக்கூட அவர் மூஞ்சி அப்படி ஆனதில்லை.

"நீ நல்லாருக்குது நல்லாருக்குதுன்னியா... வாசம் தெரியாத ஆளு எப்படி இத்தனை பக்குவமா எறக்க முடியும், மூக்கு எனக்கே தெரியாம உள்ளுக்குள்ள வேலை செய்யுதாட்ட இருக்குது, மெல்ல வந்துரும்னு இருந்தேன்"னார்.

இனி வாசம் வராதுன்னு எனக்குத் தெரிஞ்சது அப்பத்தான். அவருக்கும் அப்பத்தான்.